பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகலையா? எந்த இடத்துல நிக்குதுனு முதல்ல பாருங்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டம் ஆன் ஆக மாட்டேங்குது, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ஆன் ஆகலனு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்லிடுறாங்க, ஆனா அதுக்குள்ள நாலு தனித்தனி பிரச்சனை இருக்கு. ஒண்ணு, பட்டன் அமுக்கினா லைட்டும் இல்ல ஃபேனும் இல்ல. ரெண்டு, ஃபேன் சுத்த ஆரம்பிச்சு சில செகண்டுல நின்னுடுது. மூணு, எல்லாம் ஓடுது ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. நாலு, முதல்ல கம்பெனி லோகோ வருது, அதுக்கப்புறம் விண்டோஸ் வரல. இந்த நாலுல உங்களுது எதுனு தெரிஞ்சுட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி, ஏன்னா லோகோ வரைக்கும் வர்ற மெஷின்ல எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாத்தி எல்லா பார்ட்டுக்கும் கொடுக்கிற பெட்டி), பிராசசர், ராம் (தற்காலிக மெமரி) மூணும் பெரும்பாலும் நல்லாதான் இருக்கும், அங்க போய் ராம் மாத்திட்டு இருக்கிறது வீண் செலவு. பார்ட்டை மாத்தி மாத்தி பார்க்கிறது கடைசி வழி. எங்க வரைக்கும் போய் நிக்குதுனு பார்க்கிறதுதான் முதல் வழி.

இன்னொரு விஷயம், உள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி கேபினட் மூடியை கழட்டி, எந்த ஒயர் எங்க இருக்குனு போன்ல நாலஞ்சு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. திரும்ப மாட்டும்போது அதோட அருமை தெரியும்.

பட்டன் அமுக்கினா எந்த அசைவும் இல்ல. செத்துப்போச்சா?

அவசரப்படாதீங்க. முதல்ல ப்ளக் பாயிண்ட்ல கரண்ட் வருதானு வேற ஏதாவது மாட்டி பாருங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எதுவும் நடுவுல வேண்டாம், நேரா சுவத்துல இருக்கிற பாயிண்ட்ல மாட்டுங்க. பழைய யுபிஎஸ் பேட்டரி போனா கரண்ட் இருக்கும்போதே சரியா சப்ளை கொடுக்காம படுத்தும். அடுத்து பவர் கார்டு, மானிட்டரோடதும் இதே மாதிரி கார்டா இருந்தா அதை எடுத்து மாத்தி மாட்டி பாருங்க. கேபினட் பின்னாடி எஸ்எம்பிஎஸ்ல குட்டி ஸ்விட்ச் இருந்தா அது ஆன்ல இருக்கணும், கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். பழைய எஸ்எம்பிஎஸ்ல சிவப்பு கலர்ல 115 / 230னு இன்னொரு ஸ்விட்ச் இருக்கும், அதை தெரியாம கூட தள்ளிடாதீங்க. 230 வோல்ட் வர்ற இடத்துல 115ல வெச்சு ஆன் பண்ணா எஸ்எம்பிஎஸ் வெடிச்சு போயிடும்.

இதெல்லாம் சரினா, கார்டை பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு 30 செகண்ட் அமுக்கி பிடிச்சு விடுங்க, உள்ள தேங்கி நிக்கிற சார்ஜ் இறங்கிடும், அப்புறம் திரும்ப மாட்டி பாருங்க. சும்மா சொல்றதில்ல, மின்னல் வெட்டின அன்னைக்கும் கரண்ட் போய் போய் வந்த அன்னைக்கும் லாக் ஆகி நிக்கிற எஸ்எம்பிஎஸ் நிறைய இதுலயே திரும்பி வந்திருக்கு.

மதர்போர்டுல ஒரு குட்டி லைட் எரியுது, ஆனா பட்டனுக்கு ஒண்ணும் நடக்கல. ஏன்?

இது நல்ல செய்திதான். கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் ப்ளக் மாட்டியிருக்கிற வரைக்கும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் மட்டும் மதர்போர்டுக்கு (எல்லா பார்ட்டையும் இணைக்கிற பெரிய பலகை) கொடுத்துட்டே இருக்கும், ஸ்டாண்ட்பை சப்ளைனு சொல்வாங்க, ஊதா ஒயர்ல வரும். அந்த லைட் எரிஞ்சா அது வருதுனு அர்த்தம், எஸ்எம்பிஎஸ் முழுசா சாகல. இப்ப சந்தேகப்பட வேண்டியது முன்னாடி இருக்கிற பட்டனைதான். வருஷக்கணக்கா அமுக்கி அமுக்கி உள்ள இருக்கிற காண்டாக்ட் தேஞ்சு போயிருக்கும், இல்ல ஒயர் கழண்டிருக்கும்.

செக் பண்ண சுலபமான வழி இருக்கு. மதர்போர்டோட ஓரத்துல முன்பக்க பட்டன், லைட் ஒயரெல்லாம் வந்து சொருகுற பின்கள் இருக்கும். பவர் ஸ்விட்ச் ஒயரையும் ரீசெட் ஸ்விட்ச் ஒயரையும் கழட்டி, ரீசெட் ஒயரை பவர் ஸ்விட்ச் இருந்த பின்ல சொருகிட்டு ரீசெட் பட்டனை அமுக்குங்க. சிஸ்டம் ஆன் ஆனா பட்டன்தான் குத்தவாளி, அப்படியே விட்டுட்டு இனிமே ரீசெட்டையே பவர் பட்டனா வெச்சுக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. ரீசெட் பட்டனே இல்லாத கேபினட்னா அந்த ரெண்டு பின்னையும் திருப்புளி நுனியால ஒரு நொடி தொட்டு எடுங்க, அது சின்ன வோல்டேஜ்தான், ஷாக் அடிக்காது. ஆனா பின் எதுனு போர்டுல எழுதியிருக்கிறதை பார்த்து உறுதி பண்ணிட்டு தொடுங்க.

எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கானு தனியா எப்படி பார்க்கிறது?

கரண்டை ஆஃப் பண்ணி, போர்டு, ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் எல்லாத்துல இருந்தும் எஸ்எம்பிஎஸ் ஒயரை கழட்டுங்க. பெரிய கனெக்டர்ல (20 இல்ல 24 பின் இருக்கும்) பச்சை ஒயர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அதையும் பக்கத்துல ஏதாவது ஒரு கருப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பை வளைச்சு சேர்த்துட்டு, அதுக்கப்புறம் கரண்ட் போடுங்க. ஃபேன் சுத்தினா எஸ்எம்பிஎஸ் எழுந்திரிக்குதுனு அர்த்தம். சில பழைய எஸ்எம்பிஎஸ் லோடு எதுவும் இல்லனா எழுந்திரிக்காது, அதனால வேண்டாத டிவிடி டிரைவ் ஒண்ணை மாட்டிக்கோங்க. சில பிராண்டட் மெஷின்ல ஒயர் வரிசையும் கலரும் வேற மாதிரி இருக்கும், பச்சை ஒயர் கண்ணுல படலனா இந்த டெஸ்டை விட்டுடுங்க.

ஃபேன் சுத்திட்டா எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்குனு முடிவு பண்றாங்க பாருங்க, அங்கதான் நிறைய பேர் வழி தவறுறாங்க. மல்டிமீட்டர் இருந்தா கருப்பு ஒயர்ல ஒரு முனை வெச்சு அளந்து பாருங்க: மஞ்சள்ல 11.4ல இருந்து 12.6 வோல்ட், சிவப்புல 4.75ல இருந்து 5.25, ஆரஞ்சுல 3.14ல இருந்து 3.47, இதுக்குள்ள இருக்கணும். அதுக்கு வெளிய போனா மாத்திடுங்க. உள்ள இருந்தாலும் முழு லோடு வரும்போது படுத்துடுற எஸ்எம்பிஎஸ் உண்டு, அதனால கடைசியா உறுதி பண்ண நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணை இரவல் வாங்கி மாட்டி பார்க்கிறதுதான் சரி.

எஸ்எம்பிஎஸ்ஸை திறந்து நானே சரி பண்ணலாமா?

வேண்டாம். பிளக்கை பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல (சார்ஜை தேக்கி வைக்கிற பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுங்க இல்ல புதுசு வாங்குங்க.

காலையில மட்டும் நாலஞ்சு தடவை அமுக்கினாதான் ஆன் ஆகுது, ஒரு தடவை ஆன் ஆயிட்டா நாள் முழுக்க ஓடுது. இது என்ன?

கெப்பாசிட்டர் வயசாயிடுச்சு. எஸ்எம்பிஎஸ்லயோ போர்டுலயோ இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் உள்ள இருக்கிற திரவம் காய காய அதோட சக்தி குறையும், குளிர்ந்து இருக்கும்போது இன்னும் மோசமா இருக்கும், கொஞ்சம் சூடாயிட்டா சமாளிச்சுக்கும். அதனாலதான் ஒரு தடவை ஆன் ஆனா அப்புறம் பிரச்சனை தெரியறதில்ல. ஆனா இது முன்னெச்சரிக்கை. அது ஓடிட்டு இருக்கும்போதே உங்க ஃபைலையெல்லாம் வேற இடத்துக்கு காப்பி பண்ணிடுங்க, ஒரு நாள் எத்தனை தடவை அமுக்கினாலும் வராது.

ஆன் ஆகி சில செகண்டுல தானா ஆஃப் ஆயிடுது. எதை பார்க்கணும்?

எத்தனை செகண்டுல ஆஃப் ஆகுதுனு எண்ணுங்க, அதுல விடை இருக்கு. சரியா நாலு செகண்டுனா பவர் பட்டன் உள்ள சிக்கிட்டு இருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா பட்டனை 4 செகண்ட் அமுக்கி பிடிச்சா சிஸ்டம் கட்டாயமா ஆஃப் ஆகணுங்கிறது அதோட விதி, சிக்கின பட்டன் அதைதான் செய்யுது. ஆன் பண்ணின உடனே பவர் பட்டன் ஒயரை போர்டுல இருந்து பிடுங்கிடுங்க, ஓடிட்டே இருந்தா பட்டன்தான்.

ஒரு செகண்டு கூட தாங்காம ஃபேன் லேசா அசைஞ்சு நின்னா எங்கயோ ஷார்ட் ஆகுது. ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராஃபிக்ஸ் கார்டு (ஸ்கிரீனுக்கு படம் அனுப்புற தனி கார்டு), முன்னாடி யுஎஸ்பி போர்ட் ஒயர்னு ஒவ்வொண்ணா கழட்டி பாருங்க, எதை கழட்டினா ஓடுதோ அதுலதான் இருக்கு. யுஎஸ்பி போர்ட் உள்ள பின் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், டார்ச் அடிச்சு பாருங்க, இதை யாரும் கவனிக்கிறதே இல்ல.

பத்து இருபது செகண்ட், இல்ல ஒரு நிமிஷம் ஓடி நின்னா சூடு. பிராசசர் ஃபேன் சுத்துதா, கீழ இருக்கிற ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கிற உலோகத் துண்டு) ஆடுதானு பாருங்க. பழைய இன்டெல் போர்டுகள்ல கூலரை பிடிக்கிறது நாலு பிளாஸ்டிக் பின்தான், வருஷம் போக போக உடைஞ்சு ஒரு மூலை தூக்கிக்கும், பார்க்க சரியா இருக்கிற மாதிரியே இருக்கும், தொட்டா ஆடும். பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட் காஞ்சு பொடியாயிருந்தா பழசை துடைச்சுட்டு புதுசா பட்டாணி அளவு வைங்க. பழைய ஏஎம்டி மெஷின்னா கூலரை நேரா மேல இழுக்காதீங்க, பிராசசரும் சேர்ந்து பிச்சுட்டு வந்து பின் வளைஞ்சிடும். கொஞ்ச நேரம் ஓட விட்டு சூடாக்கி, ஆஃப் பண்ணி பவர் கார்டை பிடுங்கிட்டு, கூலரை மெல்ல இடம் வலமா திருப்பி திருப்பி எடுங்க.

ஃபேனெல்லாம் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு. மதர்போர்டு போயிடுச்சுனு சொல்றாங்களே?

போர்டு போயிடுச்சுனு சொல்றது ரொம்ப சுலபம், அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நிறைய இருக்கு, அதையெல்லாம் பார்க்காம போர்டு மாத்த சொன்னா ஒத்துக்காதீங்க.

கீபோர்டுல நம் லாக் (Num Lock) கீயை அமுக்குங்க. லைட் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா உள்ள சிஸ்டம் உயிரோட ஓடிட்டு இருக்கு, பிரச்சனை படம் வர்ற வழியில மட்டும்தான். மானிட்டர்ல நோ சிக்னல்னு வந்தா மானிட்டர் நல்லா இருக்கு, கேபிளை பாருங்க. தனியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா மானிட்டர் கேபிள் அந்த கார்டுலதான் மாட்டியிருக்கணும், போர்டுல இருக்கிற போர்ட்ல மாட்டினா பல மெஷின்ல படம் வராது. சுத்தம் பண்ணிட்டு திரும்ப மாட்டும்போது இந்த தப்பு சாதாரணமா நடக்கும். கிராஃபிக்ஸ் கார்டையே கழட்டிட்டு போர்டு போர்ட்ல மாட்டியும் ஒரு தடவை பாருங்க.

நம் லாக் அசையலனா அடுத்தது ராம். பழைய மெஷின்ல கருப்பு ஸ்கிரீனுக்கு முதல் காரணமே இதுதான். பவர் கார்டை பிடுங்கி, கேபினட்டோட இரும்பு பகுதியை தொட்டுட்டு (உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் இறங்கணும்), ரெண்டு பக்க கிளிப்பையும் விலக்கி ராமை எடுங்க. கீழ இருக்கிற தங்க நிற காண்டாக்ட் மேல படிஞ்ச அழுக்கை மெதுவான பென்சில் ரப்பரால லேசா தேய்ங்க, தூளை கேபினட்டுக்கு வெளிய தட்டிடுங்க, அழுத்தி தேய்ச்சா தங்க பூச்சு போயிடும். ஸ்லாட்டையும் சின்ன பிரஷால தட்டிட்டு, ரெண்டு கிளிப்பும் டக்னு விழற வரைக்கும் அமுக்கி மாட்டுங்க. ரெண்டு ராம் இருந்தா ஒண்ணை மட்டும் போட்டு பாருங்க, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் ஸ்லாட்டை மாத்தி. பொறுமையா எல்லா விதமாவும் போட்டு பார்க்கணும்.

அப்பவும் வரலனா பிராசசர் பக்கத்துல தனியா வர்ற 4 பின் இல்ல 8 பின் 12 வோல்ட் கனெக்டர் சரியா சொருகியிருக்கா பாருங்க. அது இல்லனா ஃபேன் சுத்தும், ஆனா பிராசசருக்கு கரண்ட் போகாது. அதுவும் சரினா போர்டு, பிராசசர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் இவ்வளவு மட்டும் வெச்சு பாருங்க (போர்டுலயே டிஸ்ப்ளே இல்லனா கிராஃபிக்ஸ் கார்டும் சேர்த்து). இதுல படம் வந்தா கழட்டினதை ஒவ்வொண்ணா சேர்த்துட்டே வாங்க.

பீப் பீப்னு சத்தம் வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?

ஸ்கிரீன் இல்லாத நேரத்துல பயாஸ் (ஆன் ஆனதும் முதல்ல ஓடுற, போர்டுலயே இருக்கிற புரோகிராம்) உங்ககிட்ட பேசுறது இப்படித்தான். ஒரே ஒரு குட்டி பீப்னா பெரும்பாலான மெஷின்ல எல்லாம் சரி. அவார்டு பயாஸ்ல ஒரு நீள பீப், ரெண்டு குட்டி பீப்னா டிஸ்ப்ளே பிரச்சனை, நீளமா திரும்ப திரும்ப வந்துட்டே இருந்தா ராம். ஏஎம்ஐ பயாஸ்ல மூணு குட்டி பீப்னா ராம், எட்டுனா டிஸ்ப்ளே மெமரி. கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால உங்க போர்டு மாடல் நம்பரை வெச்சு அதோட மேனுவலை தேடி பாருங்க.

பீப்பே வரலனா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு அந்த கட்டம் வரைக்குமே போகல, இல்ல கேபினட்ல ஸ்பீக்கரே இல்ல. சின்ன பஸ்ஸர் ஒண்ணு வாங்கி ஸ்பீக்கர் பின்ல மாட்டிட்டு, ராமை முழுசா எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. ராம் இல்லனு பீப் அடிச்சு கத்தினா போர்டும் பிராசசரும் வேலை செய்யுது, ரொம்ப நிம்மதியான சத்தம் அது. ராம் இல்லாமயும் கம்முனு இருந்தாதான் போர்டு, பிராசசர் மேல சந்தேகம் வரணும்.

கெப்பாசிட்டர் உப்பியிருக்குனு எப்படி கண்டுபிடிக்கிறது?

போர்டுல பிராசசரை சுத்தி நிக்கிற சின்ன உருளைகள்தான் கெப்பாசிட்டர். அதோட தலை தட்டையா இருக்கணும், மேல மேடா வீங்கியிருந்தாலோ பழுப்பு கலர்ல கசிஞ்சிருந்தாலோ போச்சு. 2000களோட முதல் பாதியில வந்த போர்டுகள்ல இது ரொம்ப அதிகம், மோசமான எலக்ட்ரோலைட் போட்ட கெப்பாசிட்டர்கள் அந்த காலத்துல பல கம்பெனி போர்டுகள்லயும் வந்துடுச்சு. சால்டரிங் தெரிஞ்சவங்க மாத்திடுவாங்க, அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் இல்ல அதுக்கு மேல, 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைவான) வகைனு கேட்டு வாங்குங்க. பழகாத கையால மதர்போர்டுல சால்டர் பண்ண ஆரம்பிக்காதீங்க.

தேதி 2005, 2009னு காட்டுது, எஃப்1 அமுக்க சொல்லி நிக்குது.

சிமாஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்துற குட்டி பேட்டரி) தீர்ந்துடுச்சு. போர்டுல காசு மாதிரி வட்டமா இருக்கிற சிஆர்2032, 3 வோல்ட். மீட்டர்ல 2.7க்கு கீழ காட்டினா மாத்திடுங்க, எழுத்து இருக்கிற பக்கம் மேல வரணும். தேதி தப்பா இருந்தா பிரவுசர்ல பாதி வெப்சைட் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி திறக்காது, அதுக்கும் காரணம் இதே பேட்டரிதான்.

பேட்டரி மாத்தினதுக்கு அப்புறம் விண்டோஸ் வரல, நீல ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு. ஃபார்மேட் பண்ணணுமாம்?

ஃபார்மேட் பண்ணிடாதீங்க! பேட்டரி போனதும் பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனி செட்டிங்குக்கு போயிடும், அதுல சாட்டா மோடும் ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்கோட போர்டு எந்த முறையில பேசணுங்கிற செட்டிங் அது. விண்டோஸ் போடும்போது ஏஹெச்சிஐ மோட்ல இருந்திருக்கும், இப்ப அது ஐடிஇக்கு மாறியிருக்கும், இல்ல நேர் எதிரா. விண்டோஸ்னால ஹார்ட் டிஸ்க்கை படிக்க முடியாம ஸ்டாப் கோடு 7பினு முடியுற நீல ஸ்கிரீன் காட்டும். ஆன் பண்ணும்போது டெலிட் இல்ல எஃப்2 அமுக்கி பயாஸ்க்குள்ள போய், சாட்டா மோடை இப்ப இருக்கிறதுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி சேவ் பண்ணுங்க, பெரும்பாலும் எதுவும் நடக்காத மாதிரி விண்டோஸ் வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை, இதுக்கு போய் வருஷக்கணக்கான போட்டோவை அழிச்சவங்க இருக்காங்கங்கிறது எனக்கு ரொம்ப வருத்தம்.

பூட் டிவைஸ் இல்ல, ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லனு எழுத்து வருது.

சொருகியிருக்கிற பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாத்தையும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்பவும் வந்தா பயாஸ்ல போய் ஹார்ட் டிஸ்க் பேர் தெரியுதானு பாருங்க. தெரிஞ்சா பூட் வரிசையில (எதுல இருந்து முதல்ல ஆரம்பிக்கணுங்கிற வரிசை) அதை முதல்ல கொண்டு வாங்க. தெரியலனா சாட்டா கேபிளை மாத்துங்க, போர்டுல வேற போர்ட்ல சொருகுங்க, டிஸ்க்குக்கு வர்ற பவர் ஒயரையும் வேற ஒண்ணு மாட்டி பாருங்க. டிஸ்க் தெரியுது, பூட் வரிசையும் சரி, அப்பவும் பூட்எம்ஜிஆர் (விண்டோஸை ஆரம்பிச்சு வைக்கிற ஃபைல்) இல்லனு வந்தா விண்டோஸ் பென்டிரைவ்ல இருந்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஃபைலை காப்பி எடுத்துடுங்க.

ஹார்ட் டிஸ்க்ல டக் டக்னு ஒரே சீரா சத்தம் வருது.

உடனே ஆஃப் பண்ணுங்க. திரும்ப திரும்ப ஆன் பண்ணி பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உள்ள ஹெட் தட்டை கீறி இன்னும் மோசமாகலாம். முக்கியமான ஃபைல் இருந்தா டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட அப்படியே கொடுங்க, டிஸ்க் மூடியை திறக்கவே கூடாது.

மெஷின் எழுந்திரிக்கவே இல்ல, ஃபைல் மட்டும் வேணும்.

போர்டு போனாலும் ஹார்ட் டிஸ்க்ல இருக்கிறது அப்படியே இருக்கும், நிறைய பேர் இது தெரியாம கேபினட்டோட தூக்கி போட்டுடுறாங்க. டிஸ்க்கை கழட்டி சாட்டா டு யுஎஸ்பி அடாப்டர்ல மாட்டி வேற கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணலாம். டெஸ்க்டாப்ல வர்ற 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், அதனால தனி பவர் அடாப்டரோட வர்றதை வாங்குங்க, லேப்டாப் டிஸ்க்குக்குனு விக்கிற வெறும் கேபிள்ல சுத்தாது. அகலமான பட்டை கேபிள் போற 40 பின் பழைய டிஸ்க்னா அது ஐடிஇங்கிற பழைய வகை டிஸ்க், அதுக்கான அடாப்டர் வேற.

இவ்வளவு செலவு பண்ணி இதை காப்பாத்தணுமா?

ராம், எஸ்எம்பிஎஸ், பேட்டரி, பட்டன், கேபிள் இதுல எதுனாலும் சரி பண்ணுங்க, மத்த பார்ட் எல்லாம் நல்லா இருக்கும்போது தூக்கி போட மனசு வரக்கூடாது. போர்டு போயிருந்தா யோசிங்க, பழைய சாக்கெட்டுக்கு புது போர்டு கிடைக்காது, கிடைக்கிறது எல்லாம் யாரோ ஓட்டி கழட்டினதுதான். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, பழைய மெஷின் பலதுல டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்லாததால விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதுக்காக மெஷின் வீண்னு அர்த்தம் இல்ல, ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடுற வேகமான டிரைவ்) போட்டு லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஏதாவது ஏத்தினா எழுதுறது, படிக்கிறது, பிரவுசிங் எல்லாத்துக்கும் இன்னும் சில வருஷம் தாராளமா ஓடும்.

ஒரு வழியா ஆன் ஆயிடுச்சு! அடுத்து என்ன?

வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி ஃபைலையெல்லாம் வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுங்க. அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு டூல்ல ஹார்ட் டிஸ்க் நிலைமையை பாருங்க, காஷன்னு மஞ்சள் காட்டினா அந்த டிஸ்க்கை நம்பாதீங்க. ராம் மேல சந்தேகம் இருந்தா மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமை எடுத்துடணும். தூசி தட்டும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுட்டு ஊதுங்க, வேகமா சுத்த விட்டா பேரிங் கெட்டுடும். பக்கத்து மூடியை உடனே ஸ்க்ரூ போட்டு மூட வேண்டாம், ரெண்டு மூணு நாள் ஆன் பண்ணி ஆஃப் பண்ணி பார்த்துட்டு மூடுங்க.